நன்றி சொல்லியே வாழ வேண்டுமா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை சங்க அலுவலகத்தில் நாம் சந்தாக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு ஒரு பழைய தோழர் படியேறி வந்தார். பஞ்சாலையில் ஸ்பின்னிங் இலாகாவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். சர்க்கரை வியாதி இரண்டு கண்களையும் தின்றுவிட்டது. ஐந்து வருஷமாகப் பார்வை இல்லை.

வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ரிஜிஸ்தர் தபாலை எடுத்து நீட்டினார். மூன்று நாளாக அது அவர் பையிலேயே கிடந்திருக்கிறது. மகன் வேலைக்குத் திருப்பூர் போனவன், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். வீட்டில் வேறு படித்தவர் இல்லை.

"படித்துச் சொல்ல உங்கள் செல்போனிலேயே ஆள் வருகிறார்களே, தோழர்? போன வாரம்கூடப் பெருமையாகச் சொன்னீர்களே?" என்று கேட்டோம்.

அவர் அப்படிச் சொன்னது உண்மை. அவர் வீட்டில் இரண்டு மருந்துப் புட்டிகள் இடம் மாறிவிட்டன. எது காலை மருந்து, எது இரவு மருந்து என்று தெரியவில்லை. செல்போனை எடுத்து அழைத்தார். எங்கிருந்தோ ஒரு மாணவி பேசினாள். "புட்டியைக் கொஞ்சம் திருப்புங்க தாத்தா... ஆங், அப்படியே பிடிங்க" என்று சொல்லி, பெயரை இரண்டு முறை படித்துக் காட்டினாள். ஒரு காசு வாங்கவில்லை. பெயரையும் சொல்லவில்லை.

"மருந்துப் புட்டி வேறைங்க தோழர். இது ரிஜிஸ்தர் தபாலு. பணங்காசு சமாச்சாரமா இருக்கும். ஊரு பேரு தெரியாத புள்ளைகிட்ட இதைக் காட்டலாமுங்களா?" என்றார் அவர். சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு மேலும் சொன்னார்: "அந்தப் புள்ளை தங்கமான புள்ளைங்க. ஆனா தெனமும் யாருக்காச்சும் நன்றி சொல்லிக்கிட்டே இருக்கோணும்னா, மனுசனுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க."

தபாலைப் பிரித்தோம். அவருடைய கிராஜுவிட்டி வழக்கின் விசாரணைத் தேதி அதில் இருந்தது. மறுநாள் காலை பத்தரை மணி! அன்று மாலை அவர் சங்கத்துக்கு வராமல் இருந்திருந்தால், இருபத்தாறு வருஷ உழைப்புக்கான பணத்தின் வழக்கு அவர் இல்லாமலே நடந்திருக்கும்.

பார்வையற்ற ஒருவருக்கு இன்னொருவர் கண் தேவைப்படும்போது அந்தக் கண்ணை யார் தருவது? இனாமாக உதவும் நல்லவரா? காசு வாங்கிக்கொண்டு வரும் ஆளா? காசு என்றால் அதை யார் கொடுப்பது? வெளிநாடுகளில் பல வருஷங்களாக இரண்டு வழிகளும் நடந்து வருகின்றன. இரண்டையும் பாட்டாளியின் கண்ணோட்டத்தில் பார்ப்போம்.

டென்மார்க்கில் பிறந்த யோசனை

டென்மார்க் தேசத்தில் ஹான்ஸ் யோர்கன் வீபர்க் என்பவர் நாற்காலி, மேஜை போன்ற வீட்டுச் சாமான்கள் செய்யும் கைவினைஞர். இளம் வயதிலேயே கண் பார்வை மங்கத் தொடங்கியவர். பார்வையற்ற நண்பர்கள் செல்போனில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, காமிரா வழியாகப் பொருள்களைக் காட்டி விவரம் கேட்பதை அவர் கவனித்தார். சொந்தக்காரரைத்தான் கூப்பிட வேண்டுமா? உலகில் கண் உள்ள எவரும் உதவலாமே என்று எண்ணினார். 2012இல் இந்த யோசனையை அவர் வெளியிட்டார். 2015 ஜனவரியில் அது செல்போனில் ஏற்றிக்கொள்ளும் ஓர் 'ஆப்' ஆக வந்தது. அதன் பெயர் 'பி மை ஐஸ்'. 'என் கண்ணாக இரு' என்று அர்த்தம்.

வேலை எளியது. பார்வையற்றவர் அழைத்தால், அவர் மொழி பேசும் தொண்டர்களின் போன்கள் ஒலிக்கும். முதலில் எடுத்தவருக்குக் காமிராவின் படம் போகும். அவர் பார்த்துச் சொல்வார். அரிசிப் பையா, ரவைப் பையா? இந்தச் சட்டை நீலமா, கறுப்பா? பால் கெட்டுப்போகும் தேதி என்ன? இவைதான் கேள்விகள்.

இன்று 150 நாடுகளில் 70 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் இதில் தொண்டர்களாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உதவி கேட்கும் பார்வையற்றோரோ சில லட்சம் பேர்தான். உதவி கேட்பவரைவிட உதவ வந்தவர் பல மடங்கு! மாதக்கணக்கில் காத்திருந்தும் ஓர் அழைப்புகூட வரவில்லையே என்று ஏங்கும் தொண்டர்களும் உண்டு.

இதிலிருந்து தெரிவது என்ன? மனிதன் பிறவியிலேயே சுயநலக்காரன், காசில்லாமல் சுண்டு விரலையும் அசைக்க மாட்டான் என்று முதலாளிகளின் பண்டிதர்கள் ஓதுகிறார்களே, அது எத்தனை பெரிய பொய் என்பது தெரிகிறது. ஆலையில் ஒருவருக்குக் கை போனால் சீட்டுப் போட்டு வசூலித்துக் கொடுப்பவர்கள் நாம். நடவில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அவள் பங்கை மற்றவர்கள் சேர்ந்து நட்டுவிடுகிறார்கள். இந்தக் குணம் உலகெங்கும் உள்ள சாதாரண ஜனங்களிடம் இருக்கிறது. அந்த மாணவியை நாம் மனமார வாழ்த்துகிறோம்.

நல்ல மனசுக்கும் எல்லை உண்டு

ஆனால் நம் தோழரின் தபால் மூன்று நாள் பையில் கிடந்ததே, ஏன்?

முதல் காரணம், நம்பிக்கை. தொண்டர் யார் என்று தெரியாது. பாங்கிக் கணக்கு, அட்டை எண், ரகசியக் கடிதம் போன்றவற்றை முன்பின் தெரியாதவரிடம் காட்டக் கூடாது என்பது எவருக்கும் தெரிந்த எச்சரிக்கை. அது சரியான எச்சரிக்கைதான். ஆனால் வாழ்க்கையில் மிக முக்கியமான காகிதங்கள் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை அல்லவா? சோப்பின் பெயரைப் படிக்க ஆள் உண்டு, சம்பள ரசீதைப் படிக்க ஆள் இல்லை என்றால் அது அரைக் கண்தான்.

இரண்டாவது காரணம், பயிற்சி. நல்ல மனம் மட்டும் இருந்தால் வழி சொல்லிவிட முடியாது. "அதோ அங்கே", "இந்தப் பக்கம்" என்று பார்வையற்றவரிடம் சொல்லி என்ன பயன்? நீண்ட விண்ணப்பப் படிவத்தை நிரப்ப ஒரு மணி நேரம் ஆகும். வேலைக்குப் போகும் வழியில் போனை எடுத்த தொண்டர் அத்தனை நேரம் எப்படி நிற்பார்? அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் ஷிப்டுக்கு மணி அடித்துவிடும்.

மூன்றாவது காரணத்தைத் தோழரே சொல்லிவிட்டார். உதவி என்பது கொடுப்பவர் விருப்பம். கேட்பவர் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். ஒரு நாள் கேட்கலாம், பத்து நாள் கேட்கலாம். ஆயுள் முழுதும், ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்டுக்கொண்டே இருக்க முடியுமா? தானம் வாங்கி வாழ்வது எப்படி இருக்கும் என்று பண்ணையாரின் வாசலில் நின்ற நம் பாட்டன்மாருக்குத் தெரியும். பண்ணையார் நல்லவராக இருந்த ஊரிலும் நாம் கூலி உயர்வு கேட்டுத்தான் போராடினோம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தொண்டர் இனாமாக உழைக்கிறார். அந்த உழைப்பு ஓடுகிற வண்டி ஒரு கம்பெனி. 2020இல் முதலீட்டாளர்கள் 28 லட்சம் டாலர் அதில் போட்டார்கள். பெரிய கம்பெனிகள் தங்கள் பார்வையற்ற வாடிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்ல இந்த ஏற்பாட்டுக்குப் பணம் கட்டுகின்றன. 2024இல் மைக்ரோசாப்ட் கம்பெனியுடன் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளப்பட்டது. பார்வையற்றோர் எடுத்த படக் காட்சிகள், சொந்த விவரங்கள் நீக்கப்பட்டு, அந்தக் கம்பெனியின் செயற்கை அறிவு இயந்திரத்தைப் பழக்குவதற்குக் கொடுக்கப்படும். வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். பார்வையற்றோருக்கு ஏற்ற இயந்திரம் வருவது நல்லதுதான். ஆனால் ஏழைக் கைகள் இனாமாகச் சேர்த்த தானியம் கடைசியில் யார் களஞ்சியத்துக்குப் போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மீட்டர் ஓடும் கண்

அடுத்து, காசு கொடுத்து வாங்கும் வழி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 'ஐரா' என்ற கம்பெனி தோன்றியது. அதில் உதவுபவர்கள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். பயிற்சி பெற்றவர்கள். ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள். பார்வையற்றவரின் காமிராவில் தெரிவதையும், அவர் நிற்கும் இடத்தின் வரைபடத்தையும் ஒரே சமயத்தில் பார்த்து வழி சொல்கிறார்கள். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எப்போது கடப்பது என்பதைக் கோலும் காதும் கொண்டு அவரே தீர்மானிக்க வேண்டும். தொழில் தெரிந்தவர்களின் ஒழுங்கு இது. ரிஜிஸ்தர் தபாலை இவர்களிடம் தயங்காமல் காட்டலாம்.

விலை என்ன? 2018 வாக்கில் மாதம் 100 நிமிஷத்துக்கு 89 டாலர். கணக்கில்லாமல் பேச 329 டாலர். அமெரிக்காவில் மத்திய சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி, 2009 முதல் மணிக்கு 7 டாலர் 25 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நாற்பது நிமிஷம் கண் வேண்டுமானால், குறைந்த கூலிக்காரர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும்! மாதம் முழுதும் கண் வேண்டுமானால் ஒரு வாரக் கூலி முழுதும் கொடுத்தாலும் போதாது.

அந்தக் குறைந்தபட்சக் கூலியாவது எல்லோருக்கும் கிடைக்கிறதா? 1938ஆம் வருஷத்து அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஊனமுற்ற தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க, லைசென்ஸ் பெற்ற முதலாளிக்கு அது அனுமதி தருகிறது. பார்வையற்றோர் சங்கங்கள் பல வருஷங்களாக எதிர்த்து, பல மாகாணங்களில் அதைத் தடை செய்ய வைத்துவிட்டார்கள். ஆனால் மத்திய சட்டத்தில் அந்தப் பிரிவு 2025இலும் நீடித்தது. கூலியைக் குறைத்துக் கொடுப்பார்களாம். கண்ணை முழு விலைக்கு விற்பார்களாம்! இது என்ன நியாயம்?

கம்பெனி வேறொரு வழியும் கண்டது. சில விமான நிலையங்களும் பெரிய கடைகளும் நிமிஷக் கட்டணத்தைத் தாங்களே கட்டின. அந்த வளாகத்துக்குள் பார்வையற்றவர் இனாமாகப் பேசலாம். 2019இல் ஐந்து நிமிஷத்துக்கு உட்பட்ட அழைப்புகளை இலவசமாக்கினார்கள். நல்லதுதான். ஆனால் பாருங்கள்: சாமான் வாங்கும் கடைக்குள் கண் உண்டு, வாசலைத் தாண்டிப் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தால் மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். வாடிக்கைக்காரனாக இருக்கும்வரை கண். மனிதனாக ரோட்டில் இறங்கினால் இருட்டு.

காது கேளாதோர் காட்டிய வழி

இனாமும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம் என்றால் வேறு வழி உண்டா? உண்டு. அதே அமெரிக்காவில் காது கேளாதோர் அதைப் பெற்றிருக்கிறார்கள்.

காது கேளாதவர் டெலிபோனில் பேச நடுவில் ஒருவர் வேண்டும். அவர் எழுத்திலோ சைகையிலோ சொல்வதை அந்த ஆள் குரலில் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கத்துப் பதிலைத் திருப்பித் தர வேண்டும். ஒரு காலத்தில் இதற்குத் தொண்டர்களையும் சொந்தக்காரரையும்தான் நம்பியிருந்தார்கள். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் கேட்டு அந்நாட்டில் பெரும் கிளர்ச்சி நடந்தது. 1990 மார்ச் மாதம், தலைநகரில் பார்லிமெண்டு மண்டபத்தின் படிகளில், சக்கர நாற்காலிகளை விட்டு இறங்கிக் கைகளால் ஊர்ந்தே ஏறினார்கள் ஊனமுற்றோர். அதே வருஷம் ஜூலையில் சட்டம் வந்தது. 1993 ஜூலை முதல் நாடு முழுதும் இந்த இடைநிலை டெலிபோன் சேவையை நடத்துவது கட்டாயமாயிற்று.

செலவு யாருடையது? டெலிபோன் கம்பெனிகள் தங்கள் வருமானத்திலிருந்து ஒரு நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து இடையில் பேசும் ஊழியர்களுக்குச் சம்பளம். காது கேளாதவர் சாதாரண டெலிபோன் கட்டணத்துக்கு மேல் ஒரு சென்ட்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்ட பேச்சை வெளியே சொல்வது சட்ட விரோதம். உழைப்பவருக்குக் கூலி உண்டு, தேவைப்படுபவருக்குச் செலவில்லை, லாபம் சம்பாதிப்பவன் பணம் கட்டுகிறான். யாருக்கும் யாரும் கைகூப்ப வேண்டியதில்லை.

காதுக்கு இது நியாயம் என்றால் கண்ணுக்கு ஏன் இல்லை?

இரண்டு ஆட்சேபங்கள்

கூலி வந்தால் அன்பு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். தர்மாஸ்பத்திரியில் நம் பிள்ளைக்கு மருந்து கட்டும் நர்சம்மா சம்பளம் வாங்குகிறார். அதனால் அவர் கையில் கருணை இல்லாமல் போய்விட்டதா? சம்பளம் நின்றால்தான் அவர் வராமல் போவார். தொண்டு செய்ய விரும்புகிறவர் தாராளமாகச் செய்யட்டும். சட்டையின் நிறம் சொல்லட்டும், பத்திரிகை படித்துக் காட்டட்டும். ஆனால் தொண்டர் வந்தால்தான் வழக்குத் தேதி தெரியும் என்ற நிலை இருக்கக் கூடாது.

மனிதன் எதற்கு, இயந்திரம் வந்துவிட்டதே என்று வேறு சிலர் சொல்வார்கள். ஆம், 2023 முதல் செயற்கை அறிவு இயந்திரம் படத்தைப் பார்த்து விவரம் சொல்கிறது. நடுராத்திரியிலும் சொல்கிறது, நன்றியும் கேட்பதில்லை. பல பார்வையற்றோர் அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. ஆனால் அந்த இயந்திரம் இல்லாததை இருப்பதாகவும் சொல்லிவிடும். அதையும் நிச்சயமான குரலில் சொல்லும். மருந்தின் அளவைத் தவறாகப் படித்தால் யார் ஜவாப்தாரி? ஆலையில் ஆட்டோகோனர் வந்தபோது என்ன பார்த்தோம்? இயந்திரம் வந்தது, ஆட்களைக் குறைத்தார்கள், மிச்சமான பணம் முதலாளி வீட்டுக்குப் போயிற்று. இயந்திரத்தைக் காட்டி மனித உதவியை வெட்டுவதற்கு நாம் இடம் கொடுக்கலாகாது.

நம் நாட்டில் என்ன செய்ய வேண்டும்?

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர். அவர்களில் நம் வர்க்கத்தார் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கதிரடிக்கும்போது கண்ணில் நெல் தெறித்துக் கருவிழி புண்ணாகிப் பார்வை இழந்த கூலியாட்கள் நம் கிராமங்களில் உண்டு. வெல்டிங் பொறி பட்டவர்கள் உண்டு. சர்க்கரை வியாதிக்கு வேளையோடு வைத்தியம் பார்க்க லீவும் காசும் இல்லாமல் கண்ணைக் கொடுத்தவர்கள் உண்டு. உழைப்பில் போன கண்ணுக்குப் பதில் கண் கேட்பது பிச்சையா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு வசதிகள் அவர்களுக்கும் எட்டும்படி சர்க்கார் செய்ய வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. பாங்கி, டெலிபோன் போன்ற சேவைகளுக்கு அடையாளம் காட்டும்போது, காமிராவுக்கு முன் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். கண் இல்லாதவர் எப்படிச் சிமிட்டுவார் என்பது வழக்கு. செல்போன், இன்டர்நெட் வழியான சேவைகள் எல்லோருக்கும் எட்ட வேண்டும், அது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்று கோர்ட்டு கூறி, 20 கட்டளைகள் பிறப்பித்தது.

பணமும் இல்லாமல் இல்லை. டெலிபோன் கம்பெனிகள் தங்கள் கணக்கிட்ட வருமானத்தில் 100க்கு 5 வீதம் ஒரு நிதிக்குக் கட்டி வருகின்றன. 2002இல் ஏற்பட்ட நிதி இது. கம்பெனிகள் லாபமில்லை என்று ஒதுக்கும் ஜனங்களுக்கும் டெலிபோன் வசதி எட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2023ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று புதுப் பெயர் சூட்டியது. பார்வையற்றவரின் செல்போனிலிருந்தும் கம்பெனி மாதாமாதம் காசு வாங்கத்தான் செய்கிறது. அவருக்குக் கண் தர அந்த நிதியில் ஒரு பங்கு ஒதுக்கினால் என்ன?

நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று: பார்வையற்றோருக்குச் செல்போன் வழியாகக் கண் உதவி தரும் பொதுச் சேவை ஒன்றைச் சர்க்கார் ஏற்படுத்த வேண்டும். தமிழிலும் மற்ற மொழிகளிலும், இரவும் பகலும் அது நடக்க வேண்டும். பார்வையற்றவரிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது.

இரண்டு: அதன் செலவை டெலிபோன் கம்பெனிகள் கட்டும் நிதி ஏற்க வேண்டும்.

மூன்று: அதில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சியும், நிரந்தர வேலையும், நியாயமான சம்பளமும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ.யும் வேண்டும். காண்ட்ராக்டு வைத்து இளம் பெண்களைக் குறைந்த கூலிக்கு ராத்திரி முழுதும் பிழியும் வேலையாக அது ஆகிவிடக் கூடாது.

நான்கு: பார்த்ததையும் படித்ததையும் வெளியே விடக் கூடாது, படங்களை எந்தக் கம்பெனிக்கும் கொடுக்கக் கூடாது என்று சட்டம் செய்ய வேண்டும்.

ஐந்து: ரூபாய் நோட்டு, மருந்துப் புட்டி, பஸ் பலகை, சர்க்கார் கடிதம் ஆகியவற்றைப் பார்வையற்றோர் தாமே அறியும்படி செய்ய வேண்டும். நோட்டை விரலால் எளிதில் அறியும்படி அச்சடிப்பதை விட்டுவிட்டு, அதைக் கண்டுபிடிக்க 2020இல் ரிசர்வ் பாங்கி ஓர் 'ஆப்' வெளியிட்டது. செருப்பைச் சரியாகத் தைக்காமல் மருந்து பூசிக்கொள்ளச் சொல்வது போல் இருக்கிறது இது.

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சங்க நோட்டீசுகளைப் பார்வையற்ற தோழர்களுக்கு நாம் என்றாவது குரலில் பதிந்து அனுப்பியிருக்கிறோமா? இந்தப் பத்திரிகையைக்கூட அந்தத் தோழருக்கு வேறொருவர்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் குறையை நாமே திருத்த முடியும். அடுத்த சங்கக் கூட்டத்திலிருந்து தொடங்குவோம்.

மறுநாள் காலை தோழரோடு நாமும் விசாரணைக்குப் போனோம். பெயர் கூப்பிட்டதும் அவர் எழுந்து நின்று, "இருக்கேனுங்க" என்று உரக்கச் சொன்னார். நிர்வாகத்தின் வக்கீல் திரும்பிப் பார்த்தார். வழக்கு நடக்கிறது, அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஐந்து கோரிக்கைகளையும் உங்கள் ஆலைச் சங்கத்திலும், விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையிலும் வாசியுங்கள். தீர்மானமாக நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்புங்கள். உங்கள் ஊரில் உள்ள பார்வையற்றோரைக் கூட்டத்துக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, கோரிக்கையில் விட்டுப்போனதைச் சேருங்கள்.